சப்பரம் ஏறினால் சதவீதம் இறங்கும்

லிகோரி குணமாகிவிட்டான் என்று அரசாங்கம் குறுஞ்செய்தி அனுப்பியபோது, நாங்கள் இரண்டு பேர் அவனைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு கல்லூரி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தோம்.

செய்தியை அவன் சட்டைப்பையிலிருந்த போனே வாசித்தது. கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி ஒரு பெண் குரல்.

"வாழ்த்துகள்! உங்கள் குறைபாடு முப்பத்தெட்டு சதவீதமாகக் குறைந்துள்ளது. நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டதால் உதவித்தொகை, கட்டணச் சலுகை, சட்டப் பாதுகாப்பு ஆகிய சுமைகளிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்."

நாற்காலியின் முன்பக்கத்தைக் கீழே நின்று தாங்கியிருந்த பீர் முகம்மது மூச்சு வாங்கியபடி சொன்னான்: "ஏல லிகோரி, ஒனக்கு சரியாயிட்டாம்ல. எறங்கி நட."

"நீ மொதல்ல கைய விடு. நடக்கேனா உருளுதேனான்னு பாப்போம்."

பீர் கையை விடவில்லை. அவனுக்கு அரசாங்கத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

இது நடந்து ஏழு வருடம்தான் ஆகிறது. அதற்குள் "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிக்கிற வயது எனக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் வந்திருந்தன. நிறுத்தத்தில் நிற்காமல் நாலு கடை தள்ளிப் போய் நிற்கும் வழக்கத்தை அவையும் யாரிடமோ கற்றுக்கொண்டிருந்தன. விடுதியில் தோசையை இயந்திரம் சுட்டது. சாம்பார் மட்டும் பழைய சாம்பாராகவே இருந்தது. எங்கள் கல்லூரி தாமிரபரணிப் பக்கம், வெள்ளைக்காரன் கட்டின கட்டடத்தில் இருந்தது. இயற்பியல் ஆய்வகம் இரண்டாவது மாடி. வெள்ளைக்காரனுக்கு லிகோரி வரப்போவது தெரியாது.

லிகோரி கடற்கரை ஊர்க்காரன். பிறந்ததிலிருந்து அவனுடைய கால்கள் அலங்காரத்துக்குத்தான் என்று அவனே சொல்லுவான். சேர்ந்த முதல் வாரமே ஆய்வகத்துக்குப் போக லிப்ட் வேண்டும் என்று மனுக் கொடுத்தான். நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள ஒருவர் படித்தால், அவர் போகவேண்டிய இடத்துக்குக் கல்லூரி வழிசெய்து கொடுத்தாக வேண்டும், அது சட்டம். கல்லூரியும் சட்டத்தை மதித்தது. மதித்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த நிதியாண்டில் பார்ப்போம் என்றது.

அதுவரைக்கும் நாங்கள் தூக்கினோம். நான் மேல்படியில் பின்பக்கமாக நடந்து கைப்பிடியை இழுக்க, பீர் கீழே இருந்து தாங்க, நடுவில் லிகோரி. அதற்கு அவன்தான் 'சப்பரம்' என்று பெயர் வைத்தான். அவன் ஊரில் மாதா சப்பரம், என் ஊரில் அம்மன் சப்பரம், பீரின் தெருவில் சந்தனக்கூடு. தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை மூன்று பேருக்கும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். படி திரும்புகிற இடத்தில் பீர் கத்துவான்: "சாமி திரும்புது! வழி விடுங்க, சாமி திரும்புது!" படியில் நின்று பேசிக்கொண்டிருப்பவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். லிகோரி இரண்டு கையாலும் ஆசீர்வாதம் செய்வான். சில நாள் பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துப் பிரசாதம் கொடுப்பான். துறைத்தலைவர்கூட ஒருநாள் வாங்கித் தின்றார். தின்றுவிட்டு, லிப்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் போனார்.

இப்படி மூன்று வருடமும் போயிருக்கும். நடுவில் பொட்டு வந்தது.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் 'தகுதிமானி'. காதுக்குப் பின்னால் ஒட்டுகிற, குங்குமப் பொட்டளவு கருவி. அதனால் எல்லாரும் பொட்டு என்றோம். முன்பெல்லாம் மருத்துவர் ஒருமுறை பார்த்து, இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுப்பார். அதில் பொய் கலந்துவிடுகிறதாம். பொட்டு பொய் சொல்லாது. தூங்கும்போதும் கூடவே இருந்து, எண்ணை அப்போதைக்கப்போது திருத்திக்கொண்டே இருக்கும். லிகோரிக்கு ஒட்டின அன்று எழுபதுக்கு மேல் காட்டியது. பிறகு தினமும் இறங்கியது. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. சப்பரத்தில் மும்முரமாக இருந்தோம்.

குறுஞ்செய்தி வந்த மறுநாள் மாவட்ட அளவீட்டு அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கோமதிநாயகி மேடம், நல்லவேளையாக அன்று கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தார். லிகோரியின் எண்ணைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"தம்பிக்கு வீட்டுல ரொம்ப ஒத்தாசையா?"

"ஹாஸ்டல் மேடம். இந்த ரெண்டு பேருந்தான் ஒத்தாசை."

"அதான்." மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "பொட்டுக்குக் காலு எது, கையி எதுன்னெல்லாம் தெரியாதுப்பா. மனசு ஒண்ணை நெனைக்கு. அது நடந்துச்சா நடக்கலையா? அத மட்டுந்தான் பாக்கும். மாடிக்குப் போகணும்னு நெனைச்சீங்க, மாடிக்குப் போயிட்டீங்க. அப்பம் இந்த ஆளால முடியுதுன்னு கணக்கு வச்சிக்கிடும்."

"தூக்கிட்டுப் போனது நாங்கல்லா மேடம்?" என்றேன்.

"அது அதுக்குத் தெரியாதே. ஒங்க ரெண்டு பேரையும் அவரு காலுன்னு நெனைச்சிட்டு."

பீருக்கு முகத்தில் ஒரு பெருமை வந்தது. "காலு எப்படி மேடம் இருக்கு? நல்ல மார்க்கா?"

"வாய மூடுல," என்றான் லிகோரி. அவன் குரலில் விளையாட்டு இல்லை. "மேடம், உதவித்தொக நின்னுட்டுன்னா ஃபீஸ் கட்ட முடியாது. லிப்ட் மனுவும் செல்லாமப் போயிரும். நான் படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போகணும். என்ன செய்ய?"

மேடம் மேல்முறையீட்டுக்கு வழி சொன்னார்; அதை விசாரிக்கப்போவதும் அவர்தான். விசாரணைக்கு லிகோரி நேரில் வரவேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி. விசாரணை அறைக்குள் நுழையும்போது எண் நாற்பதோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தள்ளுபடி. "நான் மனசு வச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது தம்பி. எண்ணு ஏறணும்."

"எப்படி ஏறும்?"

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "நெனைச்சது நடக்காம இருக்கணும்," என்றார்.

விடுதிக்குத் திரும்பியதும் லிகோரி உத்தரவு போட்டான்: "இன்னையிலேருந்து எவனும் என்னத் தொடக்கூடாது. சப்பரம் கெடையாது. தண்ணி எடுத்துக் கொடுத்தாலும் வெட்டிப் போட்டுருவேன்."

உதவி செய்யாமல் இருப்பது சுலபம் என்றுதான் நினைத்தேன். என் வாழ்நாளில் பெரும்பகுதி அதைத்தான் செய்திருந்தேன். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்து, கை நீட்டினால் எட்டுகிற குவளையை எடுத்துக் கொடுக்காமல் இருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. பீர் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு உட்காருவான். வாசல் டீக்கடைப் பவுன்ராஜ் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் கலங்கிப்போனார். அன்றிலிருந்து லிகோரியின் டீயை நன்றாக ஆற்றி, சர்க்கரை பார்த்துப் போட்டு, அவனுக்கு எட்டாத உயரத்தில் பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"குடி மக்கா," என்பார், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு.

"எட்டல அண்ணாச்சி."

"எட்டக்கூடாதுன்னுதாம்ப்பா வச்சிருக்கேன். நல்லாரு."

விவரம் தெரியாதவர்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாசல் மேட்டில் லிகோரியின் சக்கரம் சிக்கிக்கொண்டு நிற்கும். அவன் முக்கிக்கொண்டிருப்பான். பீரும் நானும் பக்கத்தில் நின்று வெள்ளரிக்காய் தின்போம். தமிழ்த்துறை அக்கா ஒருத்தி எங்களைப் பார்த்து, "மனுச ஜென்மமா நீங்க?" என்றாள். பீர் மென்று விழுங்கிவிட்டு, "அரசாங்க உத்தரவுக்கா," என்றான்.

ஆய்வக நாட்கள்தான் மோசம். லிகோரி படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். மேலே நாங்கள் ஊசல்குண்டை ஆட்டிக்கொண்டிருப்போம். அவன் இல்லாமல் எங்களுக்கு எந்தக் கணக்கும் வராது என்பது தனி விஷயம். ஒருநாள் பாதியிலேயே இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கேன், கோவப்படாத," என்றேன். "லிப்ட் இல்லாட்டித்தான் என்ன? கேஸு முடியட்டும், பெறவு பழையபடி நாங்க தூக்குதோம். நல்லாத்தான இருந்திச்சி?"

"ஒனக்கு நல்லா இருந்திச்சி." அவன் படியையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கும் நல்லாத்தான் இருந்திச்சி, இல்லங்கல. ஆனா மாசானம், எனக்கு ஆத்திர அவசரத்துக்கு மேல போகணும்னா மொதல்ல ஒன் மூஞ்சியப் பாக்கணும். நீ நல்ல மனநெலையில இருக்கியா, பீரு சாப்பிட்டானா, ரெண்டு பேரும் சண்ட போட்டுருக்கீங்களான்னு பாக்கணும். ஒங்கிட்ட கோவப்படக்கூட நான் கீழ வந்த பெறவுதான் கோவப்பட முடியும். சண்ட போட்டுட்டு மேல போக ஒரு வழி வேணும்ல."

நாங்கள் சண்டை போட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

எண் முப்பத்தொன்பதானது. பிறகு ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பதைத் தொட்டது. பீர் சந்தோஷத்தில் ஓடிவந்து லிகோரியை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டான். லிகோரியும் சிரித்துவிட்டான். முப்பத்தொன்பது. அன்று பீர் சோறு தின்னவில்லை. மறுபடி அண்ணாச்சியின் எட்டாத டீ, மறுபடி வாசல் மேடு. ஒருவழியாக விசாரணை நாள் காலையில் எண் சரியாக நாற்பதில் நின்றது. பேருந்து நிறுத்தத்திலிருந்து அவனே உருட்டி வந்தான். நாங்கள் பத்தடி பின்னால், அறிமுகமில்லாத இரண்டு கல்நெஞ்சக்காரர்களைப் போல நடந்தோம்.

மாற்றுத்திறனாளிகளின் மேல்முறையீட்டு விசாரணை அறை அதே அலுவலகத்தின் முதல் மாடியில் இருந்தது. லிப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அட்டை நன்றாகப் பழுப்பேறியிருந்தது.

நாங்கள் மூன்று பேரும் அந்தப் படியின் கீழே நின்றோம். தூக்கிக்கொண்டு போனால் எண் முப்பத்தொன்பதாகிவிடும், மனு தள்ளுபடி. தூக்காவிட்டால் லிகோரி வரவில்லை; மனு தள்ளுபடி. மேலே டவாலிக்காரர் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"நான் போயி மேடத்தக் கீழ கூப்பிடட்டா?" என்றான் பீர்.

"சட்டத்துல எடம் இல்லம்பாவ," என்றான் லிகோரி. பிறகு திடீரென்று நிமிர்ந்து, "ஏல, நான் மேல போக விரும்பல," என்றான்.

"அப்பம் ஊருக்கா?"

"கூறுகெட்டவனே. நான் விரும்பல. நீங்க என்ன வலுக்கட்டாயமா தூக்கிட்டுப் போறீங்க. நெனைச்சது நடக்கலன்னா எண்ணு ஏறணும்லா?"

அவன் முதல் வகுப்பில் தேறியது சும்மா இல்லை. தூக்கினோம். இரண்டு படி ஏறுவதற்குள் போன் கிணுகிணுத்தது: முப்பத்தொன்பது.

"வாயால சொன்னா பத்தாது, அது மனசப் பாக்கும்," என்றேன். "ஒனக்கு மேல போகத்தான் ஆச. அது கண்டுபிடிச்சிட்டு."

திரும்ப இறக்கினோம். அவன் முகம் விழுந்தது. அந்த ஏமாற்றத்தில் நாற்பது திரும்ப வந்தது. பொட்டு உண்மையிலேயே நல்ல கருவிதான்.

மேலே "லிகோரியாஸ்!" என்று முதல் தடவை கூப்பிட்டார்கள்.

லிகோரி கண்ணை மூடினான். என்ன நினைத்தானோ தெரியாது. அவனுடைய கை நாற்காலிச் சக்கரத்தை இறுகப் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவன் உதடு கோணியது. கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது.

"இப்பம் தூக்குங்க," என்றான். உடனேயே, "வேண்டாம்ல. தூக்காதீங்க," என்றான்.

தூக்கினோம்.

"வேண்டாம்ல! எறக்கி விடுங்கல! நான் வரல!" என்று அவன் கத்தினான். அது நடிப்பு இல்லை. சக்கரத்தைப் பிடித்த கையை விடவே இல்லை. அதைப் பிரிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு காவலாளி ஓடிவந்து, "யாருப்பா நீங்க? அந்தத் தம்பிய எங்க கொண்டு போறீங்க?" என்றார். "நீதி வாங்கப் போறோம், ஒதுங்குங்க," என்றான் பீர். நாற்பத்தொன்று. படி திரும்புகிற இடம் வந்தது. வாய்ப்பழக்கம், பீரால் அடக்க முடியவில்லை. "சாமி திரும்புது! வழி விடுங்க, சாமி திரும்புது!"

அதைக் கேட்டதும் லிகோரி விம்மி அழுதுவிட்டான். நாற்பத்து மூன்று.

அறைக்குள் கோமதிநாயகி மேடம், வியர்த்து வழிகிற எங்களையும் அழுகிற லிகோரியையும் திரையில் இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, மேல வந்துட்டீங்க. எண்ணு எப்படிக் கூடிச்சு?"

"விருப்பமில்லாம வந்தேன் மேடம்."

"விருப்பமில்லன்னா எதுக்கு வந்தீங்க?"

"வரலன்னா தள்ளுபடி பண்ணிருவீங்க மேடம்."

"லிப்டுல வந்தா என்ன?"

"ஓடல மேடம்."

மேடம் வாசல் பக்கம் திரும்பினார். அவர் தினமும் அந்தப் படியில் ஏறி வருகிறவர்தான். அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்ட மாதிரி இருந்தது. பிறகு எழுந்து வந்து, லிகோரியின் காதுக்குப் பின்னால் இருந்த பொட்டை நகத்தால் நெம்பி எடுத்து மேசையின் ஓரத்தில் ஒட்டினார். மேசைக்கு நூறு சதவீதம் என்று காட்டியது. அது எதையும் நினைக்கவில்லை போலிருக்கிறது, அல்லது நினைத்த எதுவும் நடக்கவில்லை.

அன்று அவர் எழுதச் சொன்ன உத்தரவு எனக்கு இன்னும் மனப்பாடம்: "ஒருவர் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது வேறு, அவரால் அங்கே வர முடியும் என்பது வேறு. முதலாவதை நண்பர்கள் கொடுக்கலாம். இரண்டாவதைச் சட்டம்தான் கொடுக்க வேண்டும்."

உதவித்தொகை திரும்ப வந்தது. அந்த உத்தரவைக் காட்டி வேறு மாவட்டங்களிலும் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் பொட்டுத் திட்டத்தை அரசாங்கம் கைவிட்டது. ஆரம்பித்தபோது நடத்திய அதே அளவு விழா நடத்திக் கைவிட்டது. எங்கள் கல்லூரியிலும் லிப்ட் வந்தது. எங்கள் கடைசித் தேர்வு முடிந்து, விடுதியைக் காலி செய்த பிறகு.

அன்று படியின் கீழே கண்ணை மூடி என்ன நினைத்தான் என்று லிகோரியிடம் பலமுறை கேட்டேன். "பெறவு சொல்லுதேன்," என்பான். பிறகு பீர் மஸ்கட் போனான். நான் சென்னையில், ஒருவரையொருவர் தெரியாத நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றில், பழுதே ஆகாத லிப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். லிகோரி அதே கல்லூரியில் அதே இயற்பியல் துறையில் ஆசிரியர்.

போன மாதம்தான் பார்க்கப் போனேன். பவுன்ராஜ் அண்ணாச்சிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "லிகோரி சாருக்கு இப்பம் எட்டுத மாதிரி மேசை போட்டுருக்கேன், பாத்தியா?" என்றார். லிகோரிக்குக் கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது. மாணவர்கள் சார், சார் என்றார்கள். அவன் யாருடைய முகத்தையும் பார்க்காமல் உருட்டிக்கொண்டு போய் லிப்ட் பொத்தானை அழுத்தினான். எனக்கு அது பார்க்க நன்றாக இருந்தது. நான்தான் எங்கே நிற்பது என்று தெரியாமல், பழக்கத்தில் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கைப்பிடியில் கை வைத்தேன்.

"கைய எடுல. ஆயிரம் வேலை கெடக்கு, தள்ளிவிட்டுக் கவுத்துராத."

கதவு மூடியது.

"இப்பமாவது சொல்லு," என்றேன். "அன்னைக்கு என்ன நெனைச்ச?"

அவன் கதவையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "மேல போனா கேஸு ஜெயிக்கும். ஜெயிச்சா லிப்ட் வரும். லிப்ட் வந்தா, இவனுவ ரெண்டு பேரும் பெறவு என்ன எதுக்குத் தேடி வரப்போறானுவன்னு நெனைச்சேன். அம்புட்டுதான். எண்ணு தன்னால ஏறிட்டு."

"வந்திருக்கேம்லா?"

"ஆறு வருசங்கழிச்சி." சிரித்தான். "ஆனா லிப்ட் வேணும்ல. சந்தேகமே கெடையாது. பசங்ககிட்ட கோவப்பட்டுட்டு நேரா மேல போயிருதேன். என்ன சொகம் தெரியுமா?"

லிப்ட் சத்தமில்லாமல், குலுங்காமல் ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பழைய படிகள் இருந்தன. முதல் மாடி தாண்டி, படி திரும்புகிற உயரத்துக்கு வந்திருப்போம். லிகோரி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்:

"சாமி திரும்புது."

லிப்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் நான் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டேன்.